பின்சீட்டில் ஹில்டா

பாலக்கரை சவேரியார் சந்தில், விற்பதற்காகத் துடைத்து வைத்திருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று பேச ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை காலையில், எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்த, எல்லா அடுப்பிலும் எதையாவது கிளறிக்கொண்டிருந்த, ஆகவே ஆச்சரியப்பட யாருக்கும் கை ஒழியாத நேரத்தில்.

வண்டி இன்னாசியுடையது. கல்யாணமான மூன்றாம் மாதம் தவணையில் வாங்கியது. கருஞ்சிவப்பு நிறம். கோயில் வாசலில் நிறுத்திப் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தார். அவர் தலை மறைந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னாசியின் அம்மா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தையும் வைத்து நசுக்கச் சொன்னாள். இரண்டு பக்கத்துக் காவலும் வாங்கிக்கொண்ட அந்த வண்டியின் பின்சீட்டில்தான் ஹில்டா, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கப் போட்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, வலது கையைக் கணவரின் தோளிலும் இடது கையைக் காய்கறிப் பையிலும் வைத்து, பத்தொன்பது வருடம் உட்கார்ந்து போனாள். உட்கார்ந்து மட்டுமா போனாள்? பேசிக்கொண்டே போனாள். லாரி வருகிறது, பள்ளம் இருக்கிறது, அந்த ஆட்டோக்காரன் கையைக் காட்டாமல் திரும்புவான் பாருங்கள், கொத்தமல்லி வாங்க மறந்தாயிற்று, உங்கள் தங்கச்சி என்னைப் பார்த்துச் சொன்னது சரியா என்று நீங்களே சொல்லுங்கள். அவள் தாடை இன்னாசியின் இடது தோளில் இடித்துக்கொண்டே இருக்கும். இடிப்பது நின்றதும் இன்னாசி “ம்” என்பார். இவ்வளவு பேச்சுக்கு ஒரு “ம்”மா என்று ஹில்டாவுக்கு எரியும். ஆனாலும் அடுத்த சிக்னலில் மறுபடி ஆரம்பித்துவிடுவாள்.

விற்க வேண்டி வந்தது மகளுக்காக. ஜெர்லினுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்தச் சந்திலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போகிற முதல் ஆள், அது மாட்டுக்குப் பார்க்கிற டாக்டராக இருந்தால் என்ன. பத்தொன்பதாம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும். இன்னாசி சூப்பர்வைசராக இருந்த துவாக்குடிப் பட்டறையில் ஐந்து மாதமாகச் சம்பளம் என்பது வாய்ப்பேச்சாகவே இருந்தது. வளையல் அடகுக்குப் போனது, சீட்டுப் பணம் தள்ளி எடுத்தாயிற்று, எல்லாம் போக இருபத்தைந்தாயிரம் குறைந்தது. வீட்டில் விலை போகிற பொருள் என்று மிச்சம் இருந்தது வண்டி ஒன்றுதான். விற்கப் போகிற வண்டியில் வீணாகக் கிலோமீட்டர் ஏறக்கூடாது என்று இன்னாசி அன்றிலிருந்தே பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

புதன்கிழமை காலையில் வந்தது மெக்கானிக் காஜா. பழைய வண்டி வாங்கி விற்பதும் அவன்தான். ஏறி உதைத்து, மார்க்கெட் ரோடு வரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனவன் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றாமல் ஹாண்டில்பாரைப் பிடித்தபடி நின்றான்.

“அக்கா, நீங்க இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?”

“எங்க இருப்பேன், கலெக்டர் ஆபீஸ்லயா? அடுப்படியில. கையைப் பாரு, மாவு.”

“அப்ப பின்னாடி உட்கார்ந்து பேசிட்டே வந்தது யாரு?”

“என்ன பேசிச்சு?”

“‘கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு, தலை சீவவா, பின்னால பஸ்ஸைப் பாரு’ன்னீங்க. பார்த்தா நெசமாவே பஸ்ஸுக்கா, ஒரு முழத்துல. அப்புறம், ‘வெறும் டீயைக் குடிச்சிட்டு வந்துட்டியா, உங்க வாப்பா மாதிரி வயித்துப் புண்ணோட அலையணுமா’ன்னீங்க. சத்தியமா நான் காலையிலேருந்து சாப்பிடல.”

ஹில்டா ஒரு நிமிடம் யோசித்தாள். யோசித்துவிட்டு, உள்ளே போய்த் தட்டில் நான்கு இட்லி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். “நானா இருந்தா இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பேன். சாப்பிடு.”

காஜா சீட் கவரை மாற்றிப் பார்த்தான். அடியில் இருந்த பஞ்சைப் பிரித்தபோது, “அடுத்தவங்க வீட்டுப் பொருளை இப்படியா பிய்ப்பே?” என்று அதட்டல் வந்ததால் பிரித்த மாதிரியே வைத்துத் தைத்துவிட்டான். பேசாத வண்டி என்றால் பதினெட்டு போகும், பேசுகிற வண்டிக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஒருவனும் தரமாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனான். ஓட்டிப் பார்க்க வந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பையன் ஒருவன், “அந்தப் பொண்ணுக்கு ஆமாம் இல்லைன்னு ஒரு பதிலைச் சொல்லித் தொலையேன், ரெண்டு வருஷமா காக்க வச்சிருக்கே” என்று யார் சொன்னதென்று புரியாமல், வண்டியை விட்டுவிட்டு, தொப்பியை விட்டுவிட்டு, நடந்தே அந்தப் பெண் வீடு இருந்த கிராப்பட்டிக்குப் போனான். தொப்பியை வாங்க வரவில்லை. அடுத்த வாரம் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான்.

“அம்மா, வண்டி மட்டும்தான் பேசுதா, இல்ல அயர்ன் பாக்ஸும் ஆரம்பிக்குமா? முன்கூட்டியே சொல்லிடு, நான் ஹாஸ்டலுக்கு இன்னைக்கே போயிடறேன்” என்றாள் ஜெர்லின்.

ஹில்டாவுக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. கான்வென்டில் படித்த பதினோரு வருடமும் அவள் ரிப்போர்ட் கார்டில் ‘அதிகம் பேசுகிறாள்’ என்று சிஸ்டர்கள் எழுதியிருந்தார்கள். ஆள் மாறினாலும் கையெழுத்து மாறினாலும் அந்த வரி மாறவில்லை. வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த அந்த வாய் இப்போது தெருவில் தனியாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் சந்துக்கு எதையும் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமையே எதிர்வீட்டுக் கோமதி வந்து வாசலில் நின்றாள்.

“அக்கா, எங்க வீட்டுக்காரரை உங்க வண்டியில ஒரு ரவுண்டு அனுப்பவா?”

“எதுக்கு?”

“என் வாய் வலிக்குதுக்கா.”

கோமதியின் கணவர் தட்சிணாமூர்த்தி ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரே ஒரு கடைக்கு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு வருகிறவர். தயிர் வாங்கி வருவதாக வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்து, தயிர் இல்லாமல், ஆனால் அரைக் கிலோ காராச்சேவும் இரண்டு முழம் பூவுமாகத் திரும்பி வந்தார். வண்டி அவரிடம் என்ன சொன்னது என்று இதுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் மறுநாளும் அவரே வந்து சாவியைக் கேட்டார்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. கடனைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் ஒரு சுற்றுப் போய்விட்டுக் கேட்கப் போனார்கள். பரீட்சைக்குப் படிக்காதவர்களை அப்பாக்கள் ஏற்றி அனுப்பினார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் அப்பாக்களை ஏற்றி அனுப்பினார்கள். அவசரமாக ஒரு நோயாளியைப் பார்க்க வண்டியை வாங்கிக்கொண்டு போன பங்குச் சாமியாரிடம், “பிரசங்கம் முக்கால் மணி நேரமா சாமி? நீங்க இறங்கறதுக்குள்ள எங்க வீட்டுக் குழம்பு தீஞ்சு போகுது” என்று பின்சீட்டு சொல்லியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. கோயிலே நிமிர்ந்து உட்கார்ந்தது. பூசை முடிந்து வெளியே வந்தபோது, முன்பின் பேசாத பெண்கள்கூட ஹில்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், அவள்தான் பலிபீடத்தில் நின்றவள் மாதிரி.

ஜெர்லின் ஒரு காலண்டர் அட்டையின் பின்னால் யார் யாருக்கு எப்போது என்று எழுதிக் கேட்டில் தொங்கவிட்டாள். ஓட்டுகிறவர் பெட்ரோல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. விற்பனைக்கு நின்ற வண்டியின் டாங்க், வாங்கிய நாளிலிருந்து இல்லாத வழக்கமாக, கழுத்து வரை நிறைந்தே இருந்தது. ஹில்டா காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் அழுகல் கத்திரிக்காயைத் தானே ஒதுக்கினார். ரிப்போர்ட் கார்டு எழுதிய சிஸ்டர்கள் யாராவது உயிரோடு இருந்தால் இந்தப் பக்கம் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் உட்கார்ந்தால் மட்டும் வண்டி ஒரு வார்த்தை பேசாது. சொல்ல வேண்டியவளே வந்தாயிற்று என்று சும்மா இருந்ததோ என்னவோ.

சந்தில் அதில் ஏறாத ஆள் இன்னாசி ஒருவர்தான்.

“ஊரே ஏறி இறங்குது. நீங்க மட்டும் ஏன் பக்கத்துலயே போக மாட்டேங்கறீங்க?”

“எனக்குத்தான் வீட்டுலயே இருக்கே” என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

பதினைந்தாம் தேதி காஜா ஓர் அம்மாளை அழைத்து வந்தான். கண்டோன்மென்டில் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஜமீலா. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, வெட்டிப் பேச்சுப் பேசாத ஆள். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, காஜா வாயைத் திறப்பதற்குள் நேரே ஹில்டாவிடம் கேட்டாள்.

“பன்னிரண்டுன்னு சொன்னாரு இவர். சரியா?”

“அது வண்டிக்கு” என்றாள் ஹில்டா. “என் வாய்க்குத் தனி.”

“எவ்வளவு?”

“நீங்க பின்சீட்டுல ஒரு ஆளை உட்கார வச்சுச் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் எவ்வளவு கொடுக்கறீங்க?”

ஜமீலா சிரித்தாள். “மாசம் எட்டாயிரம். அதுவும் நிலைக்க மாட்டேங்குது, ரெண்டு மாசத்துல ஓடிடுது.”

“இது ஓடாது. பத்தொன்பது வருஷமா ஓடல. மொத்தமா முப்பது.”

காஜா நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். ஜமீலா மறு பேச்சுப் பேசவில்லை. பதினேழாம் தேதி காலையில் பணத்தோடு வருவதாகவும், அதற்குள் புகைச் சான்றிதழ் மட்டும் புதுப்பித்து வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனாள்.

சேதி பரவச் சந்துக்கு அரை மணி நேரம் போதும். மறுநாள் காலையில் கோமதி வந்தாள், அவள் பின்னால் நான்கைந்து பெண்கள், அவர்கள் பின்னால், எதற்கு வந்தோம் என்று தெரியாத முகத்தோடு தட்சிணாமூர்த்தி.

“அக்கா, வித்துடாதீங்க. அது நம்ம சந்துக்கே பொதுவான வண்டி ஆயிடுச்சு.”

“பொதுவா? நல்லது. ஜெர்லினும் பொதுப் பொண்ணுதானே? பத்தொன்பதாம் தேதி பணம் கட்டணும். யாரு எவ்வளவு போடறீங்க?”

வந்தவர்கள் கேட்டில் தொங்கிய காலண்டர் அட்டையைப் படிக்க ஆரம்பித்தார்கள். அதற்காக ஹில்டா அவர்களைக் கோபிக்கவும் இல்லை. ஒவ்வொரு வீட்டு அரிசிப் பானையும் அவளுக்குத் தெரியும். ஆனால் வெறும் கையோடு வந்து வேண்டாம் என்று சொல்வது சுலபம். காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

அன்று மதியம் இன்னாசியின் கையில் சாவியைத் திணித்தாள். “புகைச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. ஆர்.சி. புக் உங்க பேர்ல இருக்கு, நீங்கதான் போகணும். கடைசித் தடவை. அரை மணி நேர வேலை.”

மூன்று மணிக்குப் போனவர் நான்குக்கு வரவில்லை. ஐந்துக்கு வரவில்லை. தெரு விளக்குப் போட்ட பிறகு வந்தார். வண்டியை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

“விழுந்துட்டீங்களா?”

“இல்ல.” தலையைக் குனிந்துகொண்டார். “ஹில்டா, எனக்கு இடது காது கேக்காது.”

“என்னது?”

“ஏழு வயசுல சீழ் வச்சுது. அன்னையிலேருந்து சுத்தமா இல்ல. பொண்ணு பார்க்க வர்றப்ப அம்மா சொல்லிச்சு, பொண்ணுக்கு இடது பக்கமாவே உட்காரு, வலது காது அவ பக்கம் இருக்கட்டும், காட்டிக்காதேன்னு. அப்புறம் சொல்லிக்கலாம், அப்புறம் சொல்லிக்கலாம்னு...”

ஹில்டா மனதுக்குள் வீட்டைச் சுற்றி வந்தாள். சாப்பாட்டு மேசையில், கோயில் பெஞ்சில், பஸ் சீட்டில், படுக்கையில், எங்கே இருந்தாலும் அவளுக்கு இடப்பக்கம்தான் அந்த மனிதர் இருந்தார். அதை இவ்வளவு நாள் அவள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வண்டியில் மட்டும்தான் அவளை வலப்பக்கம் உட்காரவைக்க வழி இல்லை.

“அப்ப வண்டியில நான் பேசினது?”

“ஒரு வார்த்தை விழுந்ததில்ல. உன் தாடை தோள்ல இடிக்கிறது நின்னா ‘ம்’ சொல்லுவேன்.”

“பத்தொன்பது வருஷமா?”

“இன்னைக்கு எல்லாம் கேட்டுது. மத்தவங்ககிட்ட அவங்கவங்க கதையைச் சொல்லுது. என்கிட்ட நீ சொன்னதைத்தான் சொல்லிச்சு. முதல் நாள்லேருந்து. காது வழியா வரல, எலும்பு வழியா வந்துது.” அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “லால்குடியில அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்தோமே, அன்னைக்கு நீ பேசினியா?”

“பேசினேன். ‘ஓரமா நிறுத்துங்க, அழுதுட்டு அப்புறமா போவோம், நான் இருக்கேன்’னு மூணு தடவை சொன்னேன். நீங்க ‘ம்’முன்னுட்டு கல்லு மாதிரி ஓட்டிட்டே வந்தீங்க.”

“நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லலையேன்னு நினைச்சேன். பதினோரு வருஷமா நினைச்சுட்டு இருந்தேன்.”

“நான் நீங்க கல்லுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.”

“இன்னைக்கு நிறுத்தினேன்” என்றார் இன்னாசி. “கொள்ளிடம் பாலத்துல அது சொன்னப்ப ஓரமா நிறுத்தினேன். அதான் நேரம் ஆயிடுச்சு.”

சந்தில் ஜன்னல்கள் திறந்திருந்தன. எல்லா வீட்டிலும் டிவி சத்தம் குறைந்திருந்ததை ஹில்டா கவனிக்காமல் இல்லை. ஒரு நிமிடம் அவளுக்கு அந்த மனிதரை ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது, இழுத்து வயிற்றோடு சாய்த்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

“விக்க வேண்டாம் ஹில்டா. நான் எங்கயாவது வட்டிக்குப் புரட்டறேன். இதை எப்படி விக்கறது?”

“எல்லாம் கேட்டாச்சா?”

“கேட்டாச்சு.”

“நடுவுல எதையும் விடாம?”

“உங்க தங்கச்சி உன்னை என்ன சொன்னான்னு நீ... இல்ல, என் தங்கச்சி உன்னை என்ன சொன்னான்னு... அது வரைக்கும் கேட்டாச்சு.”

“அப்ப வண்டி வேலை முடிஞ்சுது. வித்துடலாம்.”

“அது உன் குரல்டி.”

“என் குரல் இங்க இருக்கு. ஒரிஜினல். அது ஜெராக்ஸ். ஜெராக்ஸுக்கு முப்பதாயிரம் தர்றாங்க, எந்த ஊர்ல தருவாங்க? என் பொண்ணு என் வாயில படிச்சான்னு நாளைக்கு நான் சொல்லிக்கணும். வட்டிக்காரன் வாயில இல்ல.” அவள் அவரைத் தோளைப் பிடித்து இறக்கினாள். “இனிமே உங்களுக்கு எது சொல்லணும்னாலும் வலது காதுல சொல்லுவேன். அதுக்குத் தைரியம் இருந்தா உள்ள வாங்க, சாப்பிடலாம்.”

பதினேழாம் தேதி காலையில் ஜமீலா வந்தாள். சந்தே வாசலில் நின்றது. இன்னாசி கையெழுத்துப் போட்டார். ஹில்டா நோட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஜெர்லினிடம் கொடுத்தாள், நேரே போய்க் கட்டு என்று. கோமதி மூக்கை உறிஞ்சினாள்.

“எங்களுக்கு இனிமே யாருக்கா இருக்கா?”

“உனக்கு வாய்ல பூட்டா போட்டிருக்கு? வலிச்சா உப்பு வெந்நீர்ல கொப்பளிச்சுட்டுப் பேசு. அவருக்குத்தான் ரெண்டு காதும் நல்லா இருக்கே.”

அன்று சாயங்காலம் எதிர்வீட்டில் கோமதி பேச ஆரம்பித்தாள். இரண்டு வாரம் கேட்டுப் பழகிவிட்ட தட்சிணாமூர்த்தி, பாவம், பேசுவது வண்டியா பெண்டாட்டியா என்று பார்க்கத் தோன்றாமல் எழுந்து போய்த் தயிர் வாங்கி வந்தார். அடுத்தடுத்த வீடுகளிலும் ஒவ்வொரு குரலாக எழும்பியது. குழாயடியில், மாடியில், கோயில் வாசலில் என்று அந்தச் சந்தின் பெண்கள் வாக்கியத்தை முடிக்கும் வரை பேசினார்கள், ஆண்கள் முடிகிற வரை நின்றார்கள். மூன்றாம் நாள் அதையும் யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெர்லினைக் கல்லூரியில் கொண்டுபோய் விடுகிற அன்று மூவரும் பெட்டி படுக்கையோடு பாலக்கரை பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். இன்னாசி பழக்கத்தில் ஹில்டாவுக்கு இடப்பக்கம் வந்து நின்றார். காரணம் தெரிந்த பிறகும் அது மரியாதையாகத்தான் இருந்தது. அப்போது ரவுண்டானாவைச் சுற்றி அந்தக் கருஞ்சிவப்பு வண்டி வந்தது. முன்னால் சிவப்பு எழுத்தில் எல் போர்டு. ஓட்டி வந்தது நாற்பது வயது இருக்கும் ஒரு பெண். சேலையைத் தூக்கிச் செருகி, பல்லைக் கடித்து, இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் யாரும் இல்லை. ஆனால் நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அந்தக் குரல் வந்தது.

“காலைத் தூக்கி மேல வை. ஹாரன் அடிக்கறவன் அடிக்கட்டும், ரோடு அவங்க அப்பன் வீட்டுதா? நேராப் பாரு. பயப்படாதே, பின்னாடி நான் இருக்கேன்.”

அந்தப் பெண் காலைத் தூக்கி மேலே வைத்தாள். வண்டி ஒரு முறை ஆடி, நேரானது. பஸ்களுக்கு நடுவில் புகுந்து, மார்க்கெட் பக்கம் போயே போய்விட்டது.

பஸ் நிறுத்தமே திரும்பி ஹில்டாவைப் பார்த்தது. அவள் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள்.

“சரியாத்தான் சொல்லியிருக்கேன்” என்றாள், இன்னாசியின் வலது காதில்.

“கேட்டுது” என்றார் இன்னாசி.